பறையைக் கீழே வைக்கும் உரிமை

சாவு வீட்டுக்குப் பறை சொல்லலாமா, வேண்டாமா? கோலார் தங்கவயலில் இதைக் கேட்டால் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி எழும். பெரியவர் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். பேரனோ வார இறுதிப் பயிற்சி ஒன்றில் சுண்டுக்குச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டு, பறையைத் தோளில் மாட்டிப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பான். ஏன் இப்படி என்று கேளுங்கள். இருவரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: சுயமரியாதை.

இந்த வழக்கை விசாரிக்க பாலகாட் தோதான இடம். தங்கவயலின் பெரிய சுரங்கங்களை வடக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் முதலில் பாலகாட், பிறகு நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், தெற்கே மாரிக்குப்பத்தை ஒட்டி மைசூர் மைன். வரைபடத்தில் இது கர்நாடகம். லைன் வீடுகளுக்கு இடையே நடந்தால் காதில் விழுவது வட ஆற்காட்டுத் தமிழ். பறையை விட்டு விலகுவது எப்படி என்று இங்கிருந்த மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். பறையைத் திரும்ப எடுப்பது பற்றிச் சென்னையிலும் மதுரையிலும் இன்று நடக்கும் பேச்சில் அவர்களுக்கும் ஓர் இருக்கை போட வேண்டும்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே காலூன்றியது. பாறையைக் குடைய ஆள் வேண்டும். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து மேஸ்திரிகள் ஆள் பிடித்து வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டிருந்தவர்கள். கம்பெனி அவர்களைத் தாங்கிப் பிடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. தட்டியால் அடைத்த குடிசைகள், குனிந்தே வேலை செய்யும் சுரங்க அறைகள், எப்போது பாறை வெடிக்கும் என்று தெரியாத ஆழம், நுரையீரலில் படியும் கல்தூசி. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தபோது வெளிச்சம் முதலில் யந்திரங்களுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும்தான் போனது.

ஆனாலும் ஒரு காரியம் நடந்தது. கூலி கையில் காசாக வந்தது.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிய, விட்டு வந்த ஊரை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பறை அடிப்பது கலை என்றோ தொழில் என்றோ கருதப்படவில்லை. அது ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. செத்த மாட்டைத் தூக்குவது, பக்கத்து ஊர்களுக்கு இழவு சொல்லப் போவது, வெட்டியான் வேலை, பிணத்துக்கு முன்னால் பறை அடித்துக்கொண்டு நடப்பது எல்லாம் ஒரே முடிச்சில் கட்டிய வேலைகள். இதற்கு ஈடாக அறுவடைக் களத்தில் ஏதோ கொஞ்சம் நெல் அளப்பார்கள். ஒருவன் நன்றாக அடித்தாலும் அதே நெல். காய்ச்சலில் கிடந்தாலும் வந்து அடித்தாக வேண்டும். மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அடுத்த களத்தில் அவனுக்கு நெல் இல்லை. சில ஊர்களில் அவன் கூரையும் மிஞ்சாது.

பாலகாட்டில் மணியக்காரர் இல்லை, களமும் இல்லை. முடியாது என்று சொன்னாலும் வீட்டில் அடுப்பெரியும். ‘மாட்டேன்’ என்ற சொல்லை ஒரு தலைமுறை பயமில்லாமல் பழகிப் பார்த்தது இந்த மண்ணில்தான். 1930இல் கம்பெனி எல்லாத் தொழிலாளரின் விரல் ரேகையையும் பதிவு செய்யப் போனபோது, குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்குச் செய்யாதே என்று சொல்லி ஒட்டுமொத்த வயலும் மூன்று வாரம் வேலையை நிறுத்தியது. அந்தத் துணிச்சல் ஒரே இரவில் முளைத்ததில்லை.

அதற்கு முன்பே ஒரு விதை விழுந்திருந்தது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் குரல் மாரிக்குப்பத்தில் 1907 வாக்கில் கிளையாக வேர்விட்டது. எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் அதை வளர்த்தார்கள். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகும் அவருடைய நூல்கள் சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்தா அச்சகத்திலிருந்து வெளிவந்துகொண்டிருந்தன. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தார். பகலில் பூமிக்குள் இறங்குகிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் மாலையில் படிப்பகத்தில் உட்கார்ந்து இதழ் வாசித்த ஊர் இது. கேஜிஎஃப் என்ற பெயரில் வந்த சினிமாவைப் பார்த்து இந்த ஊரைத் தெரிந்துகொண்டவர்களுக்கு இந்தச் செய்தி வியப்பாக இருக்கும்.

அந்தப் படிப்பகங்களில் வளர்ந்தவர்களுக்குப் பறை எப்படித் தெரிந்திருக்கும்? நாங்கள் சாதியற்ற பூர்வ பௌத்தர்கள், எங்களைத் தாழ்த்தியவர்கள் எங்கள் கையில் கொடுத்த இழிவின் சின்னம் இது என்றுதான். கல்யாணத்தையும் சாவையும் தங்கள் சொந்த முறைப்படி நடத்திக்கொள்ள அவர்கள் முனைந்தார்கள். இன்றைய பெரியவர் பறையைப் பார்த்து முகம் சுளிப்பதை, கலை தெரியாதவரின் முரட்டுத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தின் வாரிசு.

எடுத்தவர்கள்

அடுத்த தரப்பின் வாதமும் லேசானதில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்திருக்கிறது. போருக்கும் உழவுக்கும் வெறியாட்டுக்கும் பயன்பட்ட கருவியைச் சாவோடு மட்டும் கட்டிப்போட்டது யார்? சாதி. அப்படியானால் கருவியைத் தூக்கி எறிவது சாதிக்குத்தானே லாபம் என்கிறார்கள் இவர்கள்.

இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கும் ஆதாரம் ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது விதித்த தடைகளின் பட்டியல் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. நகை அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில், அவர்கள் தங்கள் கல்யாணங்களில் மேளம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் உண்டு. அடுத்தவன் வீட்டுச் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும். தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அடிக்கக் கூடாது. இதைவிடத் தெளிவாக விஷயத்தை விளக்க முடியாது. அவர்கள் பயந்தது தோல் சத்தத்துக்கு இல்லை. அந்தச் சத்தம் யாருக்காக எழுகிறது என்பதற்குத்தான்.

1980கள், 90களில் காற்று திரும்பியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், பறையையும் கிராமியப் பாட்டையும் தேவாலய வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி குழுவில் பெண்கள் பறையை எடுத்து ஆடினார்கள். பரம்பரையாக ஆண்கள் மட்டும் தொட்ட கருவி அது. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடை ஏறியபோது கிதாரோடும் ராப் பாட்டோடும் பறை நின்றது. அந்தப் பெயருக்குத் தூண்டுதல் அயோத்திதாசர் பேசிய ‘சாதிபேதமற்ற’ தமிழர் என்ற கருத்து. பறையை விடச் சொல்லி யோசிக்க வைத்த அதே பண்டிதரின் பெயரால் பறை திரும்பி வந்த கதை இது. தங்கவயல் பெரியவருக்கு இந்த முரணைச் சொன்னால் சிரிப்பாரா, கோபப்படுவாரா என்று ஊகிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அரசும் பின்னால் வந்து சேர்ந்தது. பழைய கோலார் மாவட்டத்திலிருந்து பிரிந்த சிக்கபள்ளாபூரில் தமட்டெ என்ற கன்னடத்துப் பறையை அடிக்கும் கலைஞர் பிண்டிபாபனஹள்ளி முனிவெங்கடப்பாவுக்கு 2023இல் பத்மஸ்ரீ. மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வட்டத் தோல், இரண்டு வருட இடைவெளியில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் போய்வந்தது.

சயனைடு வந்த ஊரிலிருந்து

இதே சண்டை வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா என்று தேடினால் ஸ்காட்லாந்தில் போய் முட்டுகிறோம். தங்கவயலுக்கும் ஸ்காட்லாந்துக்கும் என்ன உறவு என்பவர்கள், ஊரைச் சுற்றி மலைபோல் நிற்கும் சயனைடு மேடுகளை ஒருமுறை பார்க்கவும். அரைத்த தாதுவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிக்கும் முறைக்கு 1887இல் காப்புரிமை வாங்கியவர்கள் கிளாஸ்கோ நகரின் ஜான் ஸ்டூவர்ட் மக்ஆர்தரும், ஃபாரஸ்ட் சகோதரர்கள் என்ற இரண்டு மருத்துவர்களும். காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும் அந்த வெள்ளைத் தூசிக்கு மூல முகவரி கிளாஸ்கோ.

ஸ்காட்லாந்துக்காரர்களின் அடையாளமே பேக்பைப் என்ற பை வைத்த குழல்தான். அதற்கும் ஒரு ரத்தக்கறை உண்டு. 1745இல் ஸ்காட்லாந்தில் அரசுக்கு எதிராக எழுந்த கலகம் தோற்ற பிறகு, ஜேம்ஸ் ரீட் என்ற குழல்காரர் நான் ஆயுதம் ஏந்தவில்லை, வாசிக்க மட்டுமே செய்தேன் என்று வாதாடினார். குழலும் போர்க்கருவிதான் என்று சொல்லி 1746இல் யார்க் நகரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது வந்த ஆயுதத் தடைச் சட்டம் பேக்பைப்பையே தடை செய்தது என்று இன்றும் பலர் சொல்வார்கள். சட்டத்தில் அந்தக் கருவியின் பெயர் இல்லை. அடக்கப்பட்டவர்கள் தங்கள் இசையைப் பற்றிச் சொல்லும் கதைகளில் இந்த மாதிரி மிகை ஒட்டிக்கொள்வது அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 1781இல் ஃபால்கிர்க் ஊரில் ஹைலண்ட் சொசைட்டி ஆஃப் லண்டன் குழல் போட்டியைத் தொடங்கியது. பரிசு கொடுத்தவர்கள் கனவான்கள். வாசித்தவர்கள் அவர்களிடம் வேலை பார்த்தவர்கள். 1903இல் பிப்ராக் சொசைட்டி என்ற சங்கம் வந்தது. அது பிப்ராக் எனப்படும் பழைய பெரிய இசையை அச்சில் ஏற்றி, போட்டியில் இந்தப் பாடத்தின்படிதான் வாசிக்க வேண்டும் என்றது. தன் ஆசானிடம் காது வழியாகக் கற்ற பாடத்தை வாசித்தவன் தோற்றான்; அச்சில் இருந்ததை வாசித்தவன் ஜெயித்தான். வாசிக்கத் தெரிந்தவனுக்கு வாசிக்கத் தெரியாதவன் மதிப்பெண் போட்ட இந்தக் கதையை வில்லியம் டொனால்ட்சன் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார்.

பறைக் குழுக்களுக்கான போட்டிகளில், மூன்று நிமிடத்துக்குள் முடி, எல்லாரும் ஒரே நிறச் சட்டை போடு, இந்த அடவைச் சேர் என்று சொல்லும் நடுவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஃபால்கிர்க் நினைவு வருகிறது.

கார்டன் டங்கன் என்று ஒரு குழல்காரர் இருந்தார். பிட்லாக்ரி பக்கத்து ஆள். நகராட்சியில் குப்பை அள்ளும் வேலை பார்த்தவர். விரல் வேகத்தில் அவருக்கு இணை அபூர்வம். ராக் இசைக்குழுவின் பாட்டைக்கூட பேக்பைப்பில் ஊதுவார். கிளாஸ்கோவில் குழல் கல்லூரியை 1944இல் சேர்ந்து நிறுவியவரும் அந்தத் துறை இதழின் ஆசிரியருமான ஷேமஸ் மக்நீலுக்கு இந்த வாசிப்பு சுத்தமாகப் பிடிக்கவில்லை. டங்கன் சண்டைக்குப் போகவில்லை. 1994இல் வெளியிட்ட முதல் இசைத் தட்டுக்கு ‘ஷேமஸுக்காக மட்டும்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். அங்கே இளம் குழல்காரர்கள் இன்று அவர் அமைத்த மெட்டுகளைத்தான் விரும்பி வாசிக்கிறார்கள்.

இன்னொருவர் ஜீனி ராபர்ட்சன். ஸ்காட்லாந்தில் ஊர் ஊராகத் திரிந்து தகர வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்த நாடோடிகள் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைக் கிட்டச் சேர்த்ததில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹேமிஷ் ஹெண்டர்சன் 1953இல் அபர்டீன் நகரில் ஜீனியைச் சந்தித்தபோது, நாட்டின் மிகப் பழைய கதைப்பாடல்கள் அந்த ஒதுக்கப்பட்ட பெண்ணின் தொண்டையில் பத்திரமாக இருந்தன. 1968இல் அரசி விருது கொடுத்தார். மேடைக்கு வந்த பிறகு ஜீனி பாட்டை நிதானமாக, கம்பீரமாக, வீட்டில் பாடியதைவிட இழுத்துப் பாடத் தொடங்கினார் என்று ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். உடனே கேள்வி வந்தது: எது அசல்? அடுப்பங்கரையில் பாடியதா, அரங்கில் பாடியதா? ஒதுக்கியவர்களின் பிள்ளைகள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்துகொண்டு, ஒதுக்கப்பட்டவளிடம் அசல் கேட்ட காட்சி அது.

தமிழ்நாட்டில் இதற்கு ஈடான காட்சிகளுக்குப் பஞ்சம் இல்லை. தீயில் காய்ச்சிய மாட்டுத் தோலில் அடித்தால்தான் பறை, ஃபைபர் தாள் போட்டது பறையா என்று ஒரு கட்சி. மழையிலும் பனியிலும் தொய்யாது, காய்ச்ச வைக்கோலும் நெருப்பும் தேட வேண்டாம், நகரத்துத் தெருவில் தீ மூட்ட விடுவதும் இல்லை, எங்களுக்கு ஃபைபர் போதும் என்று அடிப்பவர்கள் கட்சி. பேக்பைப்பிலும் இதே கூத்துதான். ஆட்டுத்தோல் பையை விட்டுச் செயற்கைத் துணிப் பைக்கும், நாணல் சீவாளியை விட்டுப் பிளாஸ்டிக் சீவாளிக்கும் பலர் மாறிவிட்டார்கள். தோலின் கார்வை வேறுதான், மறுக்க மாட்டேன். ஆனால் தோல் உரிப்பதும் பதப்படுத்துவதும் யார் தலையில் விழுந்த வேலை என்று தெரிந்துகொண்டு பேசுகிறவர் மட்டும் தோலுக்காக வாதாடட்டும்.

கலப்பு என்ற குற்றச்சாட்டைக் கேட்டால் எனக்கு முத்துசுவாமி தீட்சிதர் நினைவு வருவார். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாள பாண்டு வாசித்த மெட்டுகளை எடுத்துச் சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஸ்காட்லாந்து நடன மெட்டும் அதில் இருக்கிறது. நம் சதிர்க் கச்சேரியில் சுருதிக்கு ஊதிய துத்தியும் பை வைத்த குழல்தான். தீட்சிதர் கலந்தால் அது விசாலம். பறைக்காரர் கிதாரைச் சேர்த்தால் மட்டும் மரபு கெட்டுவிடுகிறது.

சம்பளம் நின்ற பிறகு

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அரசு நிறுவனமாகிப் பல பத்தாண்டுகள் ஓடிய பாரத் கோல்டு மைன்ஸ் நின்றது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய குழிகளில் தண்ணீர் ஏறியது. அதன் பிறகு தங்கவயலின் பிழைப்பு ரயிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது: விடியும் முன் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு போய், கட்டிட வேலையோ காவல் வேலையோ கடை வேலையோ பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புவது.

‘மாட்டேன்’ என்று சொல்ல வைத்த கூலி போய்விட்டது. பறை விவாதத்தில் யாரும் கணக்கில் எடுக்காத செய்தி இதுதான் என்பது என் கட்சி. பறையை இறக்கி வைத்த பெரியவருக்கு வேறு வருமானம் இருந்தது. பறையைப் பெருமையோடு ஏற்றிக்கொள்ளும் கல்லூரி மாணவனுக்கும், மென்பொருள் நிறுவன ஊழியருக்கும் வேறு வருமானம் இருக்கிறது. இந்த இரண்டு தரப்பும்தான் புத்தகம் எழுதுகிறது, மேடையில் பேசுகிறது. நடுவில் ஒருவன் இருக்கிறான்: வேறு வருமானம் இல்லாமல், யார் கூப்பிட்டாலும் போய் அடிக்கிறவன். விடிய விடியப் பிணத்துக்கு முன்னால் அடித்து, மறுநாள் கையில் தோல் உரிந்து, கூலியில் பாதி சாராயமாக ஊற்றிக் கொடுக்கப்படுகிறவன். கலை என்றால் அவனுக்குச் சலிப்பு. இழிவு என்றால் அவனுக்குக் கோபம்.

சில குழுக்கள் சாவுக்கு அடிப்பதில்லை என்று கொள்கை வைத்திருக்கின்றன. எனக்கு அதில் முழு மரியாதை உண்டு. சாதி பார்க்கும் சில ஊர்களில் சாவு மேளம் இன்னும் கட்டாயம்தான். மறுத்த குடும்பங்கள் அடி வாங்கிய செய்திகள் இப்போதும் வருகின்றன. ஆனால் கொள்கையை வகுத்தவர்கள், சாவுக்குப் போகிற குழுவைக் கேவலமாகப் பேசும்போது எனக்கு உறுத்துகிறது. சாவு அடியில் இருக்கும் நுணுக்கம், பிணம் வாசலில் இருக்கும்போது ஒன்று, தெருவில் இறங்கும்போது ஒன்று, சுடுகாட்டுத் திருப்பத்தில் ஒன்று என்று மாறும் அந்தக் கணக்கு, எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் முழுசாக வராது. அதை விட்டால் கருவியின் பெரிய பகுதி போய்விடும் என்று மூத்த கலைஞர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், ஒரு தாளம் பிழைப்பதற்காக ஒரு மனிதன் தலைகுனிய வேண்டும் என்றால், தாளம் போகட்டும் என்று சொன்ன மாரிக்குப்பத்துப் படிப்பகத்தின் பக்கம்தான் நான் நிற்பேன்.

தங்கவயலின் பாலகாட்டிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ வேறெங்கோ, சாவுக்கோ கல்யாணத்துக்கோ அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்துக்கோ ஒரு குழுவை அழைப்பவர்களிடம் கேட்க வேண்டியவை எளிய சங்கதிகள். முன்பணம் கொடுத்தீர்களா? எத்தனை மணி வரை என்று பேசினீர்களா? வண்டி யார் பொறுப்பு? சாப்பாடு எல்லாருக்கும் போடும் பந்தியிலா, தனியாக ஓர் ஓரத்திலா? பேசிய நேரம் முடிந்ததும் அவர்கள் பறையை உறையில் போட்டால், குடித்துவிட்டு நிற்கும் உறவுக்காரர் இன்னொரு அடி அடி என்று கையைப் பிடிப்பாரா, பிடித்தால் தடுக்க ஆள் உண்டா? தோலா ஃபைபரா, அசலா கலப்பா என்பதெல்லாம் அவர்களுடைய வேலை. அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள், அல்லது தீர்க்காமல் இன்னும் நூறு வருடம் சண்டை போடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.